டெல்லி சாப்பாட்டு டைரி: காசில்லாமலும் சாப்பிடலாம், காசைக் கொட்டியும் சாப்பிடலாம்

வெள்ளி, ராத்திரி

குதுப் மினார், செங்கோட்டை, அப்படியே ஒரு தாஜ்மஹால் டே ட்ரிப்னு எதிர்பாத்து வந்தீங்கன்னா இப்பவே சொல்லிடறேன், இந்த டைரில அது எதுவும் கிடையாது. டெல்லி வந்தது தம்பிய பாக்க, கூடவே சாப்பிட. அவன் ஓல்ட் ராஜிந்தர் நகர்ல ரூம் எடுத்து யுபிஎஸ்சி படிச்சிட்டு இருக்கான், இருபதாம் தேதிக்கு மேல அவன் கிட்ட ஜிபே பண்ணுன்னு யாரும் கேக்க முடியாது. அவன் சாப்பிடற டெல்லி ஒண்ணு, ஐடி சம்பளம் வாங்கிட்டு ரீல்ஸ்ல நான் பாத்து வெச்சிருக்கற டெல்லி இன்னொண்ணு, ரெண்டையும் கலந்து சாப்பிட்டு பாக்கறதுன்னு தான் பிளான்.

டெர்மினல் 3ல இறங்கினா டாக்ஸிக்கு அலையாதீங்க, ஏர்போர்ட் மெட்ரோ இருக்கு, இருபது நிமிஷம் பக்கத்துல நியூ டெல்லி ஸ்டேஷன்ல விட்டுடும். மிச்சம் ஆகற காசு ரெண்டு வேளை சாப்பாடு.

ஜனவரி குளிர், ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுட்டு பத்து மணிக்கு பக்கத்து தெரு தாபாவுக்கு கூட்டிட்டு போனான். தால் மக்கனி, தந்தூரி ரொட்டி, அவ்ளோ தான். நான் ஆளுக்கு ஒரு தால்னு ஆர்டர் பண்ண போனேன், "அக்கா சும்மா இரு, ஹாஃப் சொல்லு போதும்"னுட்டான். இது முக்கியமான மேட்டர். இங்க நிறைய கடைல கிரேவி எல்லாம் ஹாஃப், ஃபுல்னு தான் விக்கறாங்க, சிக்கன்னா குவார்ட்டரும் உண்டு, ஹாஃப் தால் ரெண்டு பேருக்கு தாராளம், ரொட்டிய மட்டும் எண்ணி எண்ணி சொல்லிக்கலாம். வெங்காயம், பச்சை மிளகா, பச்சை சட்னி எல்லாம் கேட்டா கேட்டா வருது, அதுக்கு காசு இல்ல. நூத்தி சொச்ச ரூபாய்ல ரெண்டு பேர் வயிறும் ரொம்பிடுச்சு. தந்தூர் அடுப்பு பக்கத்து டேபிள் கிடைச்சா விடாதீங்க, இந்த குளிருக்கு அது தான் ஏசி ரூம்.

தம்பி சொன்ன ஒரு விஷயம் தான் இந்த ட்ரிப்புக்கே தலைப்பு வெக்கலாம்னு தோணுது. டெல்லில பட்ஜெட்டுக்கு ஏத்த கடை எங்க வேணா கிடைக்கும், ஆனா ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கு, அந்த நேரத்த விட்டா கையில ஆயிரம் ரூபா வெச்சிருந்தாலும் கிடைக்காதுக்கா, காலைல எட்டு மணிக்கு கெளம்பிடணும் அப்படின்னான். எட்டு மணிக்கா, இந்த குளிர்லயான்னு கேட்டேன். பதில் சொல்லாம தூங்க போயிட்டான்.

சனி

சாவ்ரி பஜார் மெட்ரோல இறங்கினோம். எஸ்கலேட்டர்ல ஏறிட்டே இருக்கோம் ஏறிட்டே இருக்கோம், அவ்ளோ ஆழம் அந்த ஸ்டேஷன், மேல வந்தா நேரா பழைய டெல்லி நடு ரோட்டுல நிக்கறோம், சைக்கிள் ரிக்‌ஷா, தலைச்சுமை, கல்யாண பத்திரிகை கடை, தலைக்கு மேல கரன்ட் வயர் காடு. சனிக்கிழமை வந்தது ஏன்னா ஞாயித்துக்கிழமை சாந்தினி சௌக் மார்க்கெட் லீவு, சாப்பாட்டு கடை கொஞ்சம் திறந்திருந்தாலும் களை இருக்காது.

முதல்ல பேட்மி பூரி. உளுந்து மசாலா சேத்த மாவுல முறுமுறுன்னு பொரிச்ச பூரி, அதுக்கு தண்ணியா காரமா ஒரு உருளைக்கிழங்கு குழம்பு, தொன்னைல ஊத்தி தராங்க, நின்னுட்டே சாப்பிடணும். இது காலை டிபன் ஐட்டம், மதியத்துக்கு மேல தேடினா நல்லதா கிடைக்கறது கஷ்டம். நம்ம பூரி கிழங்கு மஞ்சளா கெட்டியா சாதுவா இருக்குமே, இது அதுக்கு நேர் எதிர்.

அடுத்தது தான் நான் டெல்லி வந்ததுக்கே பாதி காரணம், தௌலத் கி சாட். சாட்னு பேர் இருக்கே தவிர இது ஸ்வீட். குளிர்காலத்துல மட்டும் தான், தீபாவளி தாண்டி ஆரம்பிச்சு பிப்ரவரியோட முடிஞ்சிடும், வெயில் ஏறினா இது நிக்காது. பாலையும் கிரீமையும் ராத்திரி குளிர்ல வெச்சு விடியக்காலைல கடைவாங்க, மேல வர்ற நுரைய மட்டும் வழிச்சு வழிச்சு ஒரு பெரிய தாம்பாளத்துல குவிப்பாங்க. கினாரி பஜார் சந்துல ஒரு அண்ணன் துணி போட்டு மூடின தாம்பாளத்தோட நின்னுட்டு இருந்தார். துணிய விலக்கினா கீழ வெள்ளை, மேல குங்குமப்பூ மஞ்சள். தட்டையான கரண்டியால ஒரு ஓரத்த சரிச்சு கப்புல விட்டு, அது மேல பொடிச்ச சர்க்கரை, கையால உதுத்த கோவா, நாலு பிஸ்தா துண்டு. நாக்குல வெச்சதும் சர்க்கரை நறநறன்னுது, கோவா இருக்கு, பால் வாசனை இருக்கு, ஆனா நுரை எங்க போச்சுன்னே தெரியல. அம்பது அறுபது ரூபாய்க்கு ஒரு சின்ன கப். பனி பட்டா தான் இது கூடும்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு, பனியோ இல்லையோ குளிர் இல்லாம அந்த நுரை நிக்காதுங்கறது நிஜம்.

பராட்டே வாலி கலி பத்தி என்ன சொல்ல. போகணும், ஒரு தடவை. 1870கள்ல இருந்து இங்க பராத்தா கடை இருக்கு, ஒரு காலத்துல சந்து முழுக்க பராத்தா கடையாம், இப்ப கைவிட்டு எண்ணற அளவு தான் மிச்சம், நடுவுல எல்லாம் புடவைக் கடை. பராத்தான்னா தோசைக்கல்லுல போடறதுன்னு நினைச்சு போனா இங்க வாணலில நெய் ஊத்தி முக்கி எடுக்கறாங்க. உருளை, முள்ளங்கி, பட்டாணில ஆரம்பிச்சு அப்பளம், பச்சை மிளகா, ரப்டி (பால சுண்டக் காய்ச்சின இனிப்பு) வரைக்கும் உள்ள வெச்சு தராங்க, கூட பூசணிக்காய் கூட்டு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் போட்ட புளி சட்னி. பழைய கடைகள்ல வெங்காயம் பூண்டு சேக்க மாட்டாங்க. தம்பிக்கு அப்பளம் பராத்தா பிடிச்சது, எனக்கு என்னமோ ரெண்டு வாய்க்கு மேல எண்ணெய் திகட்டிடுச்சு. ரெண்டு பேர் போனா ரெண்டு பராத்தாவோட நிறுத்திக்கோங்க, ஏன்னா இங்க இருந்து நடந்து போற தூரத்துல தரீபா முக்குல ஜிலேபி கடை இருக்கு, 1884ல இருந்து இருக்கற கடை. நம்ம ஊரு ஜிலேபிய விட தடியா இருக்கு, தேசி நெய்ல பொரிச்சு பாகுல போட்டு சுடச் சுட தராங்க. நூறு கிராம் வாங்கி ரெண்டு பேர் பங்கு போட்டோம், சரியா இருந்தது. அதுக்கு மேல முடியாது.

அப்புறம் எதுவும் சாப்பிடாம காரி பாவ்லி மசாலா மண்டில சுத்தினோம். மிளகா மூட்டை நடுவுல நடந்தா தும்மல் நிக்காது, கைக்குட்டை எடுத்துட்டு போங்க. பசிய வர வெக்க இத விட நல்ல வழி இல்ல.

மூணு மணி வாக்குல சீதாராம் பஜார் பக்கம் கூச்சா பாத்தி ராம் சந்துல குரேமல் குல்ஃபி. குளிர்ல குல்ஃபியான்னு கேக்காதீங்க, கடைல கூட்டம் இல்லாததே அதனால தான். பழத்துக்குள்ள குல்ஃபி வெக்கறது இவங்க ஸ்பெஷல். மாம்பழ சீசன் இல்லாததால ஆரஞ்சு வாங்கினோம். உள்ள சுளைய எல்லாம் எடுத்துட்டு வெறும் தோலுக்குள்ள குல்ஃபி ரொப்பி உறைய வெச்சிருக்காங்க, வெளில இருந்து பாத்தா முழு ஆரஞ்சு. கடைக்காரர் கத்திய வெச்சு அழுத்தி வட்ட வட்டமா அரிஞ்சு தட்டுல அடுக்கி தந்தார். தம்பி அத போட்டோ எடுத்து அம்மாக்கு அனுப்பினான், அம்மா "சளி பிடிக்கும்"னு மட்டும் ரிப்ளை பண்ணினாங்க.

சாயங்காலம் ஜாமா மஸ்ஜித் ஒண்ணாம் நம்பர் கேட் எதிர்ல மட்டியா மஹல் தெரு. இது வேற உலகம், லைட்டு, புகை, கரி அடுப்பு, ரோஸ் கலர் ஷர்பத், அடுக்கி வெச்ச ஷீர்மால் ரொட்டி. ரோட்டோர சீக் கபாப் கடைகள்ல விலை ரொம்ப கம்மியா இருந்தா அது எருமைக்கறி, "படே கா"ன்னு சொல்வாங்க, சாப்பிடறவங்க தாராளமா சாப்பிடலாம், சாப்பிடாதவங்க கேட்டுட்டு வாங்குங்க, யாரும் தப்பா நினைக்கறதில்ல. நாங்க கலி கபாபியான்குள்ள கரீம்ஸ் போனோம், 1913ல ஆரம்பிச்ச கடை, முகலாய அரண்மனை சமையல்காரங்க வழில வந்தவங்கன்னு சொல்லிக்கறாங்க. மட்டன் கோர்மா ஹாஃப், கமீரி ரொட்டி, ஒரு பிளேட் மட்டன் பர்ரா, அதாவது தணல்ல சுட்ட எலும்புக்கறி. கமீரி ரொட்டி புளிக்க வெச்ச மாவுல பண்றது, தடியா மெத்துன்னு இருக்கும், கோர்மா எண்ணெய அதுல தொட்டா அது உறிஞ்சிக்கும். பர்ரா ஓரம் கருகி உள்ள ஜூஸா இருந்தது. கோர்மா நல்லா இருந்துது, ஆனா இந்தியாவுலயே பெஸ்ட்னு எல்லாம் எழுதறாங்களே, அந்த அளவுக்கு எனக்கு இல்ல. பேருக்கு கொஞ்சம் காசு இருக்கு இங்க. தம்பி கருத்து வேற, அவன் எலும்ப உறிஞ்சிட்டு இருந்ததால முழுசா சொல்லல.

பக்கத்துல தர்யாகஞ்ச். அங்க தான் மோதி மஹால், பிரிவினைல பெஷாவர்ல இருந்து வந்தவங்க ஆரம்பிச்சது, பட்டர் சிக்கன் பிறந்த இடம்னு பேர். யார் கண்டுபிடிச்சதுன்னு 2024ல டெல்லி ஹைகோர்ட்டுக்கு கேஸே போச்சு, எதிர் பக்கம் தர்யாகஞ்ச்ங்கற பேர்ல நடக்கற ஒரு ரெஸ்டாரன்ட். நாங்க வாசல் வரைக்கும் போகல, வயித்துல இடம் இல்ல.

ஞாயிறு

டெல்லில மட்டும் கிடைக்கற ஒரு சமாச்சாரம் இந்த ஸ்டேட் பவன் கேன்டீன். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தலைநகர்ல ஒரு விருந்தினர் மாளிகை இருக்குல்ல, மந்திரி, எம்எல்ஏ, அதிகாரிங்க வந்தா தங்கறதுக்கு, அதுல சிலதுல கேன்டீன் பொது ஜனத்துக்கும் உண்டு. ஊர்ல இருந்து சமையல்காரர், ஊர் சாப்பாடு, விலையும் அடக்கம். இந்தியா முழுக்க சுத்தாமலே இந்தியா சாப்பாடு சாப்பிடணும்னா ஊர்லயே இது தான் சுலபம்.

அதுக்கெல்லாம் ராஜான்னா ஆந்திரா பவன் தான், அசோகா ரோட்டுல இருக்கு. மதியம் அன்லிமிடெட் சாப்பாடு, இருநூறு ரூபாய் பக்கம். ஞாயித்துக்கிழமைன்னா பிரியாணி உண்டு, அதுக்கு வர்ற கூட்டத்த பாத்தா கட்சி மாநாடோன்னு சந்தேகம் வரும். பன்னெண்டரைக்கு போனோம், அதுக்கே வாசல்ல ஜனம். சிஸ்டம் இது தான், கவுன்டர்ல முதல்ல காசு கட்டி டோக்கன் வாங்கணும், நம்பர் கூப்பிடும்போது உள்ள போகணும், காலியா இருக்கற சேர்ல உக்காரணும், குடும்பமா ஒரே டேபிள் வேணும்னு எல்லாம் அடம் பிடிக்க முடியாது. எங்க எதிர்ல ஒரு பஞ்சாபி குடும்பம், தாத்தாவுக்கு ரசம் சாதம் கலந்து சாப்பிட தெரியல, கிண்ணத்தோட குடிச்சிட்டு இன்னொண்ணு கேட்டார். சரி தானே, யார் கேக்க போறா.

நாங்க பிரியாணி ஒண்ணு, அந்த அன்லிமிடெட் சாப்பாடு (இங்க அத தாலின்னு சொல்வாங்க) ஒண்ணுன்னு பிரிச்சுக்கிட்டோம். என் சிபாரிசு தாலி தான். உக்காந்த உடனே பூரி, பொரியல், பப்பு, சாம்பார், ரசம், தயிர், ஒரு இனிப்பு எல்லாம் தட்டுலயே வந்துடும், அப்புறம் சாதம் வாளில வரும். மேஜை மேல பொடியும் ஊறுகாயும் இருக்கும். சாதம் விழுந்ததும் நடுவுல குழி பண்ணி பொடிய போட்டு காத்திருக்கணும், நெய் காரர் வருவார், வருவார்னா வந்துட்டு போயிடுவார், கண்ணு அவர் மேலயே இருக்கணும். ஒரு கரண்டி ஊத்தினார், நான் தட்ட பாத்தேன், என்ன நினைச்சாரோ இன்னொரு கரண்டி ஊத்தினார். பொடி சாதமும் நெய்யும் ஒரு உருண்டை, பப்புவோட ஒரு உருண்டை, டெல்லி வந்து ரெண்டு நாளா ரொட்டியும் எண்ணெயுமா கெடந்த வயிறு அப்ப தான் ஆசுவாசம் ஆச்சு. மட்டன் ஃப்ரை தனியா வாங்கிக்கலாம், வாங்குங்க. சாப்பிட்டு முடிச்சு கதை பேச உக்காராதீங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க.

ராத்திரி சாப்பாட்டுக்கு பைசா செலவில்ல. பங்களா சாஹிப் குருத்வாரா, கன்னாட் பிளேஸ்ல இருந்து நடந்தே போகலாம். சீக்கியங்களோட எட்டாவது குரு ஹர்கிருஷன் 1664ல டெல்லில தங்கின இடம், அப்ப அது ராஜா ஜெய் சிங்கோட பங்களா. செருப்ப குடுத்துட்டு, கை கால் கழுவிட்டு, தலைய மூடிட்டு போகணும், துணி இல்லைன்னா அங்கயே தருவாங்க. முதல்ல தரிசனம், அல்வா பிரசாதம், அப்புறம் எல்லாருக்கும் இலவசமா சாப்பாடு போடற லங்கர் ஹால். வரிசை வரிசையா பாய்ல உக்காரணும், பக்கத்துல யாரு, என்ன ஜாதி, என்ன வேலைன்னு கிடையாது, அந்த வழக்கத்த குரு நானக் காலத்துல இருந்து காப்பாத்திட்டு வராங்க. எனக்கு ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் ரிக்‌ஷா ஓட்டற ஒரு பெரியவர், எதிர் வரிசைல லேப்டாப் பேக்கோட ஒரு கூட்டம். தால், சப்ஜி, ரொட்டி, கீர். ரொட்டிய ரெண்டு கையும் ஏந்தி தான் வாங்கணும், ஒரு கைய நீட்டினா சிரிச்சிட்டே அடுத்த கையையும் காட்ட சொல்வாங்க. எவ்ளோ வேணா கேக்கலாம், மிச்சம் வெக்க கூடாது. தால் நிஜமாவே நல்லா இருக்கு, புண்ணியத்துக்காக சொல்லல.

தம்பி மாசக் கடைசில இங்க வர்றதுண்டாம். இத அவன் எங்க வீட்டுல யார்கிட்டயும் சொன்னதில்ல. சாப்பிட்டுட்டு சும்மா போக மாட்டானாம், கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவிட்டு போவானாம். இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் ரொட்டி போடற இடத்துல உக்காந்தோம். யார் வேணா உக்காரலாம், பர்மிஷன் எல்லாம் இல்ல. ஒரு பாட்டியம்மா நான் தேச்ச சப்பாத்திய எடுத்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம திரும்ப உருட்டி மறுபடி தேச்சாங்க.

திங்கள்

தம்பிக்கு டெஸ்ட், நான் தனியா. டெல்லி மெட்ரோல முதல் கோச் லேடீஸ், தனியா சுத்தறவங்களுக்கு அது பெரிய நிம்மதி. ராஜீவ் சௌக்ல இறங்கி வெளில வந்தா கன்னாட் பிளேஸ், வட்டமா வெள்ளைத் தூண் வெள்ளைத் தூணா போய்ட்டே இருக்கும், எந்த கேட்ல வெளில வந்தோம்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. வெங்கர்ஸ் பேக்கரி 1926ல இருந்து இருக்கு. அங்க ஒரு பஃப்ஸ் வாங்கி வெளில நின்னு சாப்பிட்டேன். உக்கார இடம் தேடாதீங்க, வாங்கிட்டு போற கடை அது.

அப்புறம் மோகன் சிங் பிளேஸ் மாடில இந்தியன் காபி ஹவுஸ். படிக்கட்டெல்லாம் பாத்து தயங்காதீங்க, ஏறுங்க. காபி போர்டு காபி ஹவுஸ மூடினப்ப வேலை போன தொழிலாளிங்க கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முயற்சில கூட்டுறவு சங்கமா சேந்து 1950கள்ல எடுத்து நடத்த ஆரம்பிச்சது தான் இந்த காபி ஹவுஸ் எல்லாம். தலைல விசிறி மடிப்பு வெச்ச தலைப்பாகையோட சர்வர்ங்க, ரிடையர் ஆன தாத்தாங்க பேப்பர் வெச்சு அரசியல் பேசிட்டு இருப்பாங்க, மொட்டை மாடில குரங்கு. காபி சுமார். ஆனா அம்பது ரூபாய் பக்கத்துல ஒரு காபிய வெச்சுட்டு கன்னாட் பிளேஸ் நடுவுல ஒரு மணி நேரம் யாரும் எழுப்பாம உக்காரலாம், அத எந்த கஃபேல கொடுக்கறாங்க சொல்லுங்க.

மதியம் அதே வட்டத்துல பாக்க பளபளன்னு இருந்த ஒரு ரெஸ்டாரன்ட். பேர் வேண்டாம். சாப்பாடு பரவால்ல, பில்லுல கீழ பொடி எழுத்துல சர்வீஸ் சார்ஜ் பத்து பர்சன்ட். இத எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். சர்வீஸ் சார்ஜ கட்டாயமா பில்லுல சேக்க கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே சொல்லிடுச்சு, அத எதிர்த்து ஹோட்டல்காரங்க போட்ட கேஸ்ல டெல்லி ஹைகோர்ட் 2025 மார்ச்ல ஆணையம் சொன்னது சரின்னு தீர்ப்பே குடுத்தாச்சு. ஜிஎஸ்டி கட்டி தான் ஆகணும், அது வேற, இது வேற. மேனேஜர கூப்பிட்டு எடுத்துடுங்கன்னேன், அது எங்க பாலிசி மேடம்னார், சரி நான் 1915க்கு போன் போட்டு பேசிக்கறேன்னு மொபைல எடுத்தேன், அது நுகர்வோர் ஹெல்ப்லைன், அடுத்த ரெண்டு நிமிஷத்துல புது பில் வந்துடுச்சு. சத்தம் போட வேண்டியதே இல்ல. சர்வருக்கு கையில தனியா டிப்ஸ் குடுத்துட்டு வந்தேன், அவர் என்ன பண்ணுவார் பாவம்.

சாயங்காலம் தம்பியோட மஜ்னு கா டீலா. விதான் சபா மெட்ரோ, அங்க இருந்து ஈ-ரிக்‌ஷா. 1959க்கு அப்புறம் திபெத்ல இருந்து வந்தவங்களோட காலனி, யமுனை கரை ஓரமா. ரெண்டு பேர் எதிரெதிர்ல வந்தா ஒருத்தர் ஒதுங்கணும், அவ்ளோ குறுகல் சந்து, பிரார்த்தனைக் கொடி, புத்த பிட்சுங்க, கொரியன் டிரஸ் கடை, காலேஜ் பசங்க கூட்டம். மோமோ டெல்லி முழுக்க கிடைக்குது, அதனால இங்க வந்து அத மட்டும் சாப்பிட்டு போறது வேஸ்ட். தென்துக் சொல்லுங்க, மாவ கையால பிச்சு பிச்சு போட்ட சூப், குளிருக்கு இதமா இருக்கும். டிங்மோன்னு ஆவில வேகவெச்ச மடிப்பு ரொட்டி, அதுக்கு ஷாப்தா, காரமா வதக்கின கறி.

ஆனா எனக்கு பிடிச்சது சந்துல ஒரு அக்கா ஸ்டூல் போட்டு வித்த லாஃபிங். பாசிப்பயறு மாவுல இருந்து எடுத்த ஸ்டார்ச்ச காய்ச்சி ஆற வெச்சா நுங்கு மாதிரி வழுவழுன்னு கட்டி ஆகிடும், அத மெல்லிசா எடுத்து பூண்டு தண்ணி, வினிகர், சோயா சாஸ், மிளகா எண்ணெய் ஊத்தி சுருட்டி வெட்டி தராங்க. சில்லுன்னு தான் சாப்பிடணும். நூறு ரூபாய்க்குள்ள. முதல் வாய்ல பூண்டு, ரெண்டாவது வாய்ல மிளகா மண்டைக்கு ஏறும், கண்ணுல தண்ணி. தம்பி ஒண்ணு, நான் ரெண்டு. பன்றிக்கறி, எருமைக்கறி இங்க சகஜம், வேண்டாதவங்க மெனுவ பாத்து சொல்லுங்க. சைவத்துக்கும் குறை இல்ல.

செவ்வாய்

காலைல பஹார்கஞ்ச், சீதாராம் தீவான்சந்த் கடை, சோலே பட்டூரே, நம்ம ஊர்ல சோளா பூரிம்போமே அது. நூறு ரூபாய் பக்கம் ஒரு பிளேட், மெனு கிட்டத்தட்ட அவ்ளோ தான். பட்டூராக்குள்ள பன்னீர் மசாலா கொஞ்சமா வெச்சு தேச்சிருக்காங்க, சோலே கருப்பா வெந்து மசிஞ்சு, மேல ரெண்டு துண்டு உருளைக்கிழங்கு, பக்கத்துல நெல்லிக்காய் இல்லைன்னா கேரட் ஊறுகாய். ஒம்பது மணிக்கு போனோம், டோக்கன் வாங்கினதும் கையில தட்டு. மதியம் போனா கூட்டம், ராத்திரி போனா கடையே இருக்காது. ஒரு பிளேட் சாப்பிட்டா மதியம் வரைக்கும் பசிக்காது, அதனால மதியம் எதுவும் சாப்பிடல, ராத்திரிக்கு வேணும்னே வயித்த காலியா வெச்சோம்.

ராத்திரி புகாரா. ஐடிசி மௌர்யா ஹோட்டல்குள்ள இருக்கு, கிளிண்டன் பேர்லயும் ஒபாமா பேர்லயும் அங்க பிளாட்டரே உண்டு. தம்பி அவன் கிட்ட இருக்கறதுலயே நல்ல சட்டைய அயர்ன் பண்ணி போட்டுட்டு வந்தான். நான் எவ்ளோ ஆகும்னு சொல்லல, சொன்னா வர மாட்டான். உள்ள போனா ராஜ தர்பார் எல்லாம் இல்ல, கல்லு சுவர், மரத்துல தாழ்வான ஸ்டூல், முதுகு சாய இடம் கிடையாது, மெனு மரப் பலகைல. ஸ்பூன் ஃபோர்க் தர மாட்டாங்க, கட்டம் போட்ட ஏப்ரன கழுத்துல கட்டி விடுவாங்க, கையால சாப்பிடணும். நமக்கு என்ன, பக்கத்து டேபிள் வெள்ளைக்காரர் தான் நான்ன கிழிக்க ரொம்ப யோசிச்சார். கண்ணாடிக்கு அந்த பக்கம் தந்தூர், ஆளுங்க கம்பிய சொருகறதும் இழுக்கறதும் தெரியும்.

தால் புகாரா, முர்க் மலாய் கபாப், நான், ஒரு குல்ஃபி, இவ்ளோ தான் சொன்னோம். தால் புகாரான்னா முழு கருப்பு உளுந்து, தக்காளி, இஞ்சி, பூண்டு, வெண்ணெய், கிரீம், ராத்திரி முழுக்க தணல்ல கெடந்து வேகறது. உளுந்து முழுசா தெரியுது, வாய்ல வெச்சா அப்படியே கரையுது, கரி வாசனை கடைசில வருது. நல்லா இருக்கா? ரொம்ப நல்லா இருக்கு. மலாய் கபாப் அத விட நல்லா இருந்தது, அவ்ளோ மெதுவான சிக்கன நான் சாப்பிட்டதில்ல. பில்லு எட்டாயிரத்த ஒட்டி வந்தது, பெரிய ஹோட்டல்குள்ள இருக்கறதால ஜிஎஸ்டி 18 பர்சன்ட், சாதா ரெஸ்டாரன்ட்னா 5 தான், அதையும் கணக்குல வெச்சுட்டு போங்க. தம்பி பில்ல எட்டிப் பாத்துட்டான். "அக்கா, இது என் ரூம் வாடகைல முக்கால்வாசி." கொஞ்ச நேரம் கழிச்சு, "தால் மிச்சம் இருக்கு, பார்சல் கேளு"ன்னான். கேட்டேன், அழகா கட்டி தந்தாங்க. அவன் ரூம்மேட்ஸ் மூணு பேர் பன்னெண்டு மணிக்கு பிரெட்ல தொட்டு சாப்பிட்டாங்க, தேனிக்கார பையன் இதுக்கு உப்பு பத்தலண்ணான்னுட்டு தூங்கிட்டான்.

வருஷத்துக்கு ஒரு தடவை, யாருக்காவது ட்ரீட்னா போகலாம். கூட ஆள் இல்லாம தனியா போற இடம் இல்ல, போர்ஷன் எல்லாம் பெருசு, நாலு பேர் போனா தலைக்கு விலை நிறைய இறங்கும்.

புதன்

சாயங்காலம் ஃப்ளைட். மதியத்துக்கு கேரளா ஹவுஸ், ஜந்தர் மந்தர் ரோடு. பின் பக்கமா சம்ரிதின்னு கேன்டீன், ஏசி கீசி எதிர்பாக்காதீங்க, நேத்து ஏப்ரன் கட்டி விட்ட ஊர்ல தான் இன்னிக்கு எவர்சில்வர் தட்டு. மட்ட அரிசி சோறு, சாம்பார், மீன் குழம்பு, தோரன், பப்படம், மோர். மீன் வறுவல் தனியா, வாங்காம வராதீங்க. ஆபீஸ் போற மலையாளிங்க, பக்கத்துல போராட்டத்துக்கு கொடியோட வந்தவங்க, போலீஸ்காரர் ரெண்டு பேர் எல்லாரும் ஒரே மேஜைல. எல்லாம் சேத்து நேத்து குல்ஃபிக்கு குடுத்ததுல பாதி கூட வரல. தம்பி மீன் குழம்ப ரெண்டாவது தடவை வாங்கிட்டு, பைபாஸ்ல போற வண்டி மாதிரி நிக்காம சாப்பிட்டான்.

போறவங்க ஒரு மணிக்கு முன்னாடி போயிடுங்க, நாங்க கெளம்பும்போது மீன் வறுவல் தீந்துடுச்சுன்னு கவுன்டர்ல சொல்லிட்டு இருந்தாங்க, டோக்கன் வாங்க நின்ன ஒரு அண்ணன் அப்ப நான் வரிசைல நின்னதுக்கு என்ன அர்த்தம்னு மலையாளத்துல சண்டைக்கு நின்னார்.